ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, அம்மாவுக்கு நோகிறது

கேள்வி:

நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். அம்மாவுக்கு 56 வயது. நாலைந்து வருடமாக நெஞ்செரிவு, கை கால் உழைவு, பின்கழுத்தில் இருந்து ஏறுகிற தலையிடி. இரவில் திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, விரலெல்லாம் விறைக்கிறது என்று எழும்பி இருந்துவிடுவார். முல்லைத்தீவு, வவுனியா, யாழ்ப்பாணம் எல்லா இடமும் காட்டியாயிற்று. இரத்தம், ஈசிஜி, ஸ்கான், வாயால் கமரா விட்டுப் பார்த்தது, எல்லாம் நோர்மல் என்கிறார்கள். கடைசியாகப் பார்த்த டொக்டர் "ஒண்டுமில்லை அம்மா, யோசிக்காதேங்கோ" என்று சொல்லி மனநல கிளினிக்குக்குத் துண்டு தந்தார். அம்மா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு "எனக்கென்ன விசரே?" என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணா, காசு அனுப்புகிறேன், கொழும்பில் எம்ஆர்ஐ எடுங்கள் என்கிறார். சித்தி, வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தி செய்யாததுதான் காரணம் என்கிறார். 2009 இல் வட்டுவாகல் கடக்கும்போது தம்பி எங்களை விட்டுப் பிரிந்தவன், இன்றுவரை தகவல் இல்லை. மே மாதம் வந்தால் அம்மாவுக்கு எல்லா நோவும் கூடும். இது உடம்பு வருத்தமா, மன வருத்தமா? எம்ஆர்ஐ எடுப்பதா?

பதில்:

முதலில் அந்த "ஒண்டுமில்லை"யை எடுத்துப் பார்ப்போம். அந்த டொக்டர் சொல்ல நினைத்தது, "நான் தேடிய ஆபத்தான நோய்கள் உங்களிடம் இல்லை" என்பது. அம்மாவின் காதில் விழுந்தது, "நீங்கள் சொல்லுற நோ பொய்" என்பது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவோ தூரம். அம்மா கோபப்பட்டதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு அம்மாவிடம் இதே சொல்லைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் பிறகு என்னிடம் வரவில்லை. ஒரு வருடம் கழித்து வேறொருவர் கூட்டிக்கொண்டு வந்தபோது, பை நிறையக் கடையில் வாங்கிய நோக்குளிசை வைத்திருந்தார். அதற்குள் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. அந்தப் பையை நான் மறக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் ஊரில் கால் இழந்த ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது, குதிக்காலில் யாரோ ஆணி அறைவது போல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அந்தக் காலை எக்ஸ்ரே எடுக்க முடியாது, எடுக்கக் காலே இல்லை. அதற்காக அவர் நடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பு இழந்த சிப்பாய்களிடம் இதைக் கண்ட சைலஸ் வியர் மிச்சல் என்ற மருத்துவர், 1871 இல் இதற்கு 'ஆவி உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்தார். பிறகு நம்மவரான வி. எஸ். ராமச்சந்திரன், இருக்கிற கையைக் கண்ணாடியில் காட்டி, இல்லாத கையின் நோவைக் குறைக்கலாம் என்று காட்டினார். நோ என்பது எப்போதும் நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்குவது. காயம் இல்லாமலும் அது உண்டாகும். உண்டானால் அது முழு நோதான், அரைவாசி நோ அல்ல.

ஸ்கான், கமரா, எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பது உறுப்பின் உருவத்தை: கட்டி, புண், உடைவு, அடைப்பு. உறுப்பு எப்படி வேலை செய்கிறது, நரம்பு எவ்வளவு கூர்மையாகச் செய்தி அனுப்புகிறது என்பதை அவை பெரிதாகக் காட்டாது. அம்மாவின் இரவு வருத்தத்தையே எடுங்கள். பயத்தில் அல்லது பாதி நித்திரையில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. அது குறைந்தால் விரலும் உதட்டைச் சுற்றியும் விறைக்கும், தலை சுற்றும், சில பேருக்குக் கை மடங்கி இழுக்கும். நெஞ்சுத் தசைகள் களைத்து இறுகி, அடைக்கிற மாதிரி இருக்கும். அந்த நேரம் விறைப்பு உண்மையாகவே இருக்கிறது. காலையில் ஈசிஜி எடுக்கும்போது மூச்சு சரியாகிவிட்டதால் எல்லாம் நோர்மல். கழுத்தும் தோளும் வருடக்கணக்கில் இறுகிக் கிடந்தால் பின்கழுத்தில் இருந்து தலையிடி ஏறும். நித்திரை கெட்ட உடம்பில் நோவின் அளவுகோலே மாறிவிடும், தட்டினாலே நோகும்.

வன்னியில் இதை விளங்கப்படுத்த அதிகம் பாடுபடத் தேவையில்லை. கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்ட நொடியில் பங்கருக்குள் பாய உடம்பு பழகியது. யோசித்துப் பாய்ந்தவர் யாரும் இல்லை, உடம்பே பாய்ந்தது. சண்டை முடிந்து இத்தனை வருடம். இன்றும் ஹெலி போனால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப் பழகிய உடம்பு, கடன்காரன் வரும்போதும், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தும்போதும் அதே ஆயத்தத்தைச் செய்கிறது.

இது எங்கள் சனத்துக்கு மட்டும் உரிய ஒன்றா என்று சில பேர் கேட்பார்கள். படிப்பறிவில்லாதவர்கள்தான் மனக் கவலையை உடம்பு நோவாகச் சொல்வார்கள் என்று மருத்துவர்களே ஒரு காலம் நம்பினார்கள். அது பிழை. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த கொலைகளில் தப்பியவர்கள், உடம்புக்குள் ஒரு காற்று கிளம்பி மேலே ஏறுகிறது என்கிறார்கள். அதைக் 'கியால்' என்பார்கள். அது கழுத்துக்கு வந்தால் நரம்பு வெடித்துவிடும், தலைக்கு ஏறினால் சாவு என்று பயப்படுவார்கள். கை கால் குளிரும், காது இரையும், கழுத்து நோகும். காசுக் குற்றியால் தோலை உரசி அந்தக் காற்றை வெளியேற்றுவார்கள். எங்கள் வயதான ஆட்கள் 'வாயு ஏறுது' என்று சொல்லி எண்ணெய் தடவுவதை நினைத்துப் பாருங்கள். கொரியாவில் கோபத்தை வருடக்கணக்கில் அடக்கிய நடுவயதுப் பெண்களுக்கு நெஞ்சுக்குள் கட்டி போலவும் நெருப்பு போலவும் இருக்கும். அந்த நோயின் பெயரே நெருப்பு நோய் என்ற பொருளில் 'ஹ்வாப்யுங்'. மேலே சொன்ன அதே 1871 இல், அதே அமெரிக்கப் போரின் சிப்பாய்கள் பற்றி டா கோஸ்டா என்ற இன்னொரு மருத்துவர் எழுதினார்: நெஞ்சு நோ, படபடப்பு, மூச்சுத் திணறல், ஆனால் இருதயத்தில் பழுது இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் உங்கள் அம்மாவும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் போருக்குள் வாழ்ந்த பொதுமக்களிடம் செய்த ஆய்வு 1994 இல் வெளிவந்தது. அதில் அதிகமாகக் காணப்பட்டது இப்படிப்பட்ட உடல் முறைப்பாடுகள்தான், 41 வீதம். பெருமூச்சு என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதைக்கூட இதன் ஒரு அடையாளமாக அவர்கள் கவனித்தார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது உலக சுகாதார நிறுவனம் 14 நாடுகளில் செய்த ஒரு ஆய்வு. 1999 இல் வெளிவந்தது. மனச்சோர்வு இருந்த 1,146 நோயாளிகளில் 69 வீதமானோர் டொக்டரிடம் உடம்பு முறைப்பாட்டை மட்டுமே சொல்லியிருந்தார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு, மேற்கு, கிழக்கு என்று அது ஒழுங்காகப் பிரியவில்லை. நேராகக் கேட்டபோது, கவலை எதுவும் இல்லை என்று மறுத்தவர்கள் 11 வீதம்தான். அதாவது சனத்துக்குத் தன் மனம் தெரியும், கேட்டால் சொல்லும். இன்னொன்றும் அதில் தெரிந்தது. வழமையாகத் தன்னைப் பார்க்கும் டொக்டர் என்று ஒருவர் இல்லாத இடங்களில்தான் ஆட்கள் உடம்பை மட்டும் சொல்வது கூடுதலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது நியாயம்தானே. ஓபிடியில் பின்னால் நாற்பது பேர் நிற்க, முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு நிமிடத்தில் "தம்பியைத் தேடுறன்" என்று எந்தத் தாய் சொல்லுவாள்? "நாரி நோகுது" என்றுதான் சொல்ல முடியும்.

ஆகவே உடம்பா மனமா என்ற உங்கள் கேள்விக்கு, இரண்டில் ஒன்றை நீங்கள் தெரிவுசெய்யத் தேவையில்லை என்பதே என் பதில். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013 இல் நோய்களை வகைப்படுத்தும் தங்கள் கைநூலைத் திருத்தியபோது, இப்படிப்பட்ட உடல் முறைப்பாட்டு நோய்க்கு இருந்த 'மருத்துவக் காரணம் காணப்படாத' என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். காரணம் இருக்கிறதோ இல்லையோ, நோ ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு விழுங்குகிறது என்பதைப் பாருங்கள் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம் அது.

சரி, செய்யவேண்டியது என்ன?

ஒரு டொக்டரைப் பிடியுங்கள், ஒருவரை மட்டும். பெரிய பெயர் தேவையில்லை. உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில், அம்மா பேசும்போது முகத்தைப் பார்க்கிற ஒருவர் போதும். நோ கூடினால் மட்டும் ஓடுவதை விட்டு, மாதம் ஒருமுறை திகதி வாங்கிப் போங்கள், நோ குறைந்த மாதமும் போங்கள். நோ வந்தால்தான் டொக்டரைக் காணலாம் என்று இருந்தால், காண்பதற்கு நோ தேவையாகிவிடுகிறது. இதில் அம்மாவின் குற்றம் எதுவும் இல்லை, நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு அப்படி. ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குழாய் வைத்து, வயிற்றை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கைவைத்துப் பார்க்காத டொக்டரை அம்மா நம்பமாட்டார். புதிய அறிகுறி இல்லாமல் புதிய சோதனை இல்லை என்று டொக்டரும் நீங்களும் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எம்ஆர்ஐ. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவசரம் எதையும் நான் காணவில்லை. நடுவயதில் யாருடைய நாரியை எம்ஆர்ஐ எடுத்தாலும் ஏதாவது தேய்வு தெரியும், நோவே இல்லாதவருக்கும் தெரியும். பிறகு அந்தத் தேய்வைப் பிடித்துக்கொண்டு இன்னும் மூன்று வருடம் அலைவீர்கள். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: அம்மாவின் உடம்பில் ஷெல் பீஸ் ஏதும் இருக்கிறதா? எம்ஆர்ஐ பெரிய காந்தம். கண்ணுக்குள்ளோ, முள்ளந்தண்டுக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ கிட்டவோ உள்ள இரும்புத் துண்டு அசைந்தால் ஆபத்து. கொழும்பில் அந்த மெசினில் நிற்பவருக்கு முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவரிடம் இதைக் கேட்கவேண்டும் என்று தோன்றாமல் போகலாம். எந்தக் காலத்தில் எதற்காக எம்ஆர்ஐ எடுத்தாலும் நீங்களே முந்திச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

சிறுநீரகப் பயமும் பல வீடுகளில் இருக்கிறது, உங்கள் அம்மாவுக்கும் இருக்கக்கூடும். அநுராதபுரம், வவுனியாப் பக்கங்களில் உள்ள 'காரணம் தெரியாத சிறுநீரக நோய்' வேறு விஷயம். அங்கே பழுது கண்ணுக்குத் தெரிகிறது, எதனால் வந்தது என்பதுதான் தெளிவாகவில்லை. அம்மாவுக்குப் பழுதே காணப்படவில்லை. இரத்தத்தில் கிரியேட்டினினும் சலத்தில் புரதமும் பார்த்தால் போதும், அது சரி என்றால் அந்தப் பயத்தை இறக்கி வைக்கலாம். ஆனால் டைக்ளோபினாக் போன்ற நோக்குளிசைகளைக் கடையில் வாங்கி நாளாந்தம் போட்டால், இல்லாத சிறுநீரக நோயை நாங்களே வரவழைப்போம். வீட்டில் இருக்கும் குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மனநலத் துண்டுக்கு வருவோம். அதைத் திரும்ப எடுக்க அம்மாவை வற்புறுத்தவேண்டாம். "உங்களுக்கு மனசில்தான் வருத்தம்" என்றும் சொல்லவேண்டாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, நோ பொய்யெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இத்தனை வருசம் நோவோட இருந்து உங்கட நித்திரையும் போட்டுது, தெம்பும் போட்டுது. நோவையும் நித்திரையையும் சேத்துப் பாக்கிற டொக்டர் ஒராள் இருக்கிறார். நானும் வாறன்." இது தந்திரம் இல்லை, உண்மை. அங்கே பெரும்பாலும் இரவில் சின்ன அளவில் அமிட்ரிப்டிலின் போல ஒரு குளிசை தருவார்கள். யாராவது பார்த்துவிட்டு "இது விசர் மருந்தெல்லோ" என்று சொல்லுவார்கள், ஆயத்தமாக இருங்கள். அதே குளிசையை நீரிழிவுக்காரரின் கால் எரிவுக்கும், ஒற்றைத் தலையிடி வராமல் தடுக்கவும் கொடுக்கிறோம். நரம்பின் கூர்மையைக் குறைப்பதுதான் அதன் வேலை. வாய் காயும், முதல் கிழமை காலையில் தூக்கம் தூக்கமாக வரும். பலன் தெரிய இரண்டு மூன்று கிழமை ஆகும். நாலாம் நாள் "வேலை செய்யேல்லை" என்று நிறுத்துவதுதான் வழமையாக நடக்கும் பிழை.

குளிசை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்லவேண்டும். 1980களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவர் சீனாவின் ஹுனானில் 'நரம்புத் தளர்ச்சி' என்று வந்த 100 பேரைப் பார்த்தார். தலையிடி, தலைச்சுற்று, நித்திரையின்மை என்றுதான் வந்திருந்தார்கள். 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. மருந்தில் பலருக்கு அறிகுறி குறைந்தது. ஆனால் வேலையிலும் வீட்டிலும் இருந்த பிரச்சினை தீராதவர்கள் நோயாளியாகவே இருந்தார்கள்.

அதனால் ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் மூன்று வரி: இன்று நோ எவ்வளவு, எங்கே, இன்று என்ன நடந்தது. நான் பார்த்த ஒரு அம்மாவுக்குப் புதன்கிழமைகளில் மட்டும் நெஞ்சு அடைத்தது. கொப்பியைப் புரட்டும்வரை அவருக்கே தெரியாது, நுண்கடன் கட்டுக்காசு வாங்க ஆள் வருவது புதன்கிழமை. அவருக்கு ஈசிஜியைவிட அந்தக் கடனை ஒழுங்குபடுத்தியதுதான் உதவியது. உங்கள் அம்மாவின் கொப்பியில் மே மாதம் என்ன சொல்லும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தம்பியைப் பற்றி மிகக் கவனமாகப் பேசவேண்டும். இறந்தவருக்கு எட்டும் அந்தியேட்டியும் இருக்கிறது, துவசம் இருக்கிறது. காணாமல் போனவருக்கு எதுவும் செய்ய முடியாது. செய்தால் பிள்ளையை நானே கொன்றதாகிவிடும் என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த நிலைக்கு தெளிவில்லாத இழப்பு என்று பெயர் வைத்து ஆராய்ந்தவர்கள்கூட, மறக்கச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். "யோசிக்காதேங்கோ" என்பது அம்மாவுக்கு "பிள்ளையை விடு" என்றே கேட்கும். அவர் பேசினால் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள், பேசாவிட்டால் கிண்டவேண்டாம். அதே நேரம் எல்லா நோவையும் தம்பியின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். அம்மா வயல் வேலை செய்த ஆள் என்றால் நாரி நாரியாகவும் நோகும்.

வற்றாப்பளை நேர்த்தியைச் செய்யுங்கள். சித்தி சொன்னதற்காக இல்லை, அம்மாவின் மனதில் கடனாகக் கிடக்கும் ஒன்று இறங்கட்டும் என்பதற்காக. வைகாசிப் பொங்கலுக்குப் போய்ச் சனத்தோடு சனமாக நின்று வருவது, தனியே வீட்டில் இருந்து மே மாதத்தைக் கழிப்பதைவிட எவ்வளவோ மேல். நூல் கட்டுவதிலும் பார்வை பார்ப்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடிப்பது, பட்டினி போடுவது, பிரசர், சீனிக் குளிசைகளை நிறுத்தச் சொல்வது, என்ன இருக்கிறது என்று தெரியாத தூளைத் தருவது, இவற்றில் ஒன்று வந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள்.

இரவில் நெஞ்சு அடைக்கும்போது அம்மாவை நிமிர்ந்து இருக்க வைத்து, நாலு எண்ணி மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணி மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். பையை முகத்தில் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். சிம்பாப்வேயில் 'கனக்க யோசிக்கிற வருத்தம்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கும் ஒன்றுக்கு, கிளினிக் முற்றத்து வாங்கில் பயிற்சி பெற்ற பாட்டிமார் இருந்து பேசி உதவுகிறார்கள். 573 பேரைக் கொண்டு செய்து 2016 இல் வெளிவந்த ஆய்வு, ஆறு மாதத்தில் அப்படி உதவி பெற்றவர்களுக்கு வருத்தம் நன்றாகக் குறைந்திருந்ததைக் கண்டது. உங்கள் ஊரில் மாதர் சங்கத்திலோ கோயிலடியிலோ அப்படிக் காது கொடுக்கிற ஒரு ஆச்சி இருந்தால், அம்மாவைக் கிழமைக்கு ஒருமுறை அங்கே நடந்து போக விடுங்கள். நடப்பதும் மருந்துதான்.

'ஒன்றுமில்லை' என்று பெயர் விழுந்தவருக்கும் புதிய நோய் வரும். இதை மட்டும் மறக்கவேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகி நின்றால் விடுகிறது, வியர்த்துக் கொட்டி நெஞ்சு நோ தாடைக்கோ கைக்கோ போகிறது, ஒரு பக்கக் கை கால் பலம் குறைகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் உடனே 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காரணமில்லாமல் மெலிவு, விடாத காய்ச்சல், கறுத்த மலம், விழுங்கக் கஷ்டம், கால் வீக்கம் என்றால் மாதத் திகதி வரும்வரை காத்திருக்காமல் காட்டுங்கள். இருந்து பயன் இல்லை, செத்தால் நல்லது என்று அம்மா சொல்லத் தொடங்கினால் அதைச் சாதாரண புலம்பலாக எடுக்கவேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

அண்ணாவுக்கு ஒரு செய்தி. எம்ஆர்ஐக்கு வைத்திருக்கும் காசில் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி போய்வர ஓட்டோவுக்குக் கொடுக்கட்டும், அந்தக் காசு கனகாலம் நின்று பிடிக்கும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது "நோ எப்பிடியம்மா?" என்று தொடங்கவேண்டாம். வருடக்கணக்கில் பிள்ளைகள் கேட்பதெல்லாம் நோவைப் பற்றியே என்றால், அம்மாவுக்குச் சொல்ல வேறு பேச்சே இல்லாமல் போய்விடுகிறது. ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்கட்டும். கனடாவில் மீன் என்ன விலை, எந்த மீன் போடலாம் என்று அம்மா திருப்பிக் கேட்பார். அரை மணித்தியாலம் போகும்.